டிவி கெட்டுப் போகல பெரியப்பா: ஃப்ரேம் ரேட்டை ஃபோனை வச்சு அளந்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இந்த எபிசோட் பிளான் பண்ணி எழுதினது இல்ல. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப ஒரு பஞ்சாயத்துல மாட்டினேன். அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

எங்க ஊர் செட்டிகுளம். பெரம்பலூர் மாவட்டம். திருச்சி–சென்னை ரோட்டுல ஆலத்தூர் கேட்ல இறங்கி மேற்கால உள்ள போகணும். மலை மேல கையில கரும்போட நிக்கிற முருகன், கீழ எங்க பாத்தாலும் சின்ன வெங்காயம். எங்க பெரியப்பாவும் வெங்காயம்தான் போடுறார். இந்தத் தடவை பட்டறையில போட்டு வச்சிருந்தது நல்ல விலைக்குப் போச்சு. அந்தக் காசுல திருச்சியில போய் ஒரு 43 இன்ச் டிவி வாங்கிட்டு வந்துட்டார்.

அவர் பையன், எனக்குத் தம்பி முறை, ப்ளஸ் டூ படிக்கிறான். ஒரு பழைய கன்சோலை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி வச்சிருக்கான். புது டிவில அதை மாட்டி ஆடும்போது படம் குறுக்கால கிழியுது. அதாவது, ஆள் ஓடுறான்னா தலை ஒரு இடத்துல, உடம்பு ரெண்டு விரற்கடை தள்ளி. ஒரு கோடு மின்னி மறையுது. பெரியப்பா பாத்துட்டார். "கேம் ஆடி ஆடி புது டிவியக் கெடுத்துட்டான்". இதுதான் அவர் தீர்ப்பு. கடையில மாத்திக் கொடுக்குற கெடு இன்னும் ரெண்டு நாள்ல முடியுது. வண்டி வச்சு டிவியைத் திருச்சிக்குத் தூக்கிட்டுப் போகணும், அங்க "ஒண்ணும் கோளாறு இல்ல"னு சொல்லிட்டா வண்டி வாடகை தண்டம். அப்புறம் அந்தக் கன்சோலையும் வித்துடணும்னு முடிவு. தம்பி ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல.

"நீதான் இதெல்லாம் பேசுறவனாச்சே, என்னான்னு பாரு"ன்னு பெரியம்மா என்கிட்ட விட்டாங்க.

அந்தக் கோட்டுக்குப் பேரு ஸ்கிரீன் டேரிங். நான் கிழிசல்னே சொல்றேன். இது எப்படி வருதுன்னு புரிய ரெண்டு பேரோட வேலையைத் தெரிஞ்சுக்கணும். ஒண்ணு டிவி, இன்னொண்ணு கன்சோல்.

டிவி ஒரு பிடிவாதக்காரன். 60 ஹெர்ட்ஸ் டிவின்னா செகண்டுக்கு 60 தடவை, மேல இருந்து கீழ வரைக்கும் வரி வரியா படத்தைப் புதுப்பிக்கும். ஒரு தடவைக்கு 16.7 மில்லி செகண்ட். கன்சோல் ரெடியா இல்லையான்னு எல்லாம் பாக்காது. நம்ம டவுன் பஸ்ஸை நினைச்சுக்கோங்க. 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு பஸ் கிளம்பிடும், ஆள் ஏறினாலும் ஏறலைன்னாலும்.

கன்சோல் அப்படி இல்ல. அதுக்கு வேலை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் மாறும். காலியான ஒரு அறையை வரையணும்னா சீக்கிரம் முடிஞ்சிடும். பத்து எதிரி, புகை, நெருப்புன்னா நேரம் பிடிக்கும். அது ஒரு படத்தை டிவிக்குக் காட்டிக்கிட்டே இன்னொரு படத்தைப் பின்னாடி வரைஞ்சுக்கிட்டு இருக்கும். பின்னாடி உள்ளது முடிஞ்சதும் ரெண்டையும் மாத்தணும். எப்ப மாத்துறதுங்கிறதுதான் சண்டையே.

டிவி ஒரு சுற்றை முடிச்சு அடுத்ததை ஆரம்பிக்கிற இடைவெளி வர்ற வரைக்கும் காத்திருந்து மாத்துறது ஒரு வழி. இதுக்கு வி-சிங்க்னு பேரு. கிழிசல் வராது. ஆனா ஃப்ரேம் 17 மில்லி செகண்ட் எடுத்துச்சுன்னா பஸ் போயிடுச்சு. அடுத்த பஸ் வரைக்கும், அதாவது 33.3 மில்லி செகண்ட் வரைக்கும் நிக்கணும். ஒரு நூல் லேட்டானதுக்கு முழு பஸ்ஸுக்குக் காத்திருப்பு. அந்த நேரம் பட்டனை அமுக்கினா கேரக்டர் சோம்பேறி மாதிரி நகரும்.

இல்லைன்னா, காத்திருக்கவே வேணாம், முடிஞ்ச உடனே மாத்திடுன்னு விடலாம். அப்ப டிவி பாதி திரையை வரைஞ்சுக்கிட்டு இருக்கும்போது படம் மாறிடும். மேல் பாதி பழைய படம், கீழ் பாதி புதுப் படம். அதுதான் கிழிசல். கை வேகம் நல்லா இருக்கும், கண்ணுக்கு உறுத்தும்.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு சமரசமும் உண்டு. நேரத்துக்கு முடிஞ்சா ஒழுங்கா காத்திருந்து மாத்து, லேட்டாயிடுச்சுன்னா மட்டும் கிழிச்சுட்டுப் போ. இதை அடாப்டிவ் வி-சிங்க்னு சொல்லுவாங்க. பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 காலத்துல கிழிசல் ரொம்ப சாதாரணம். 2007ல வந்த முதல் 'அன்சார்டட்'லேயே பளிச்சுனு தெரியும். 2009ல வந்த ரெண்டாவது பாகத்துல அதே கம்பெனி அதை ஒழிச்சுட்டாங்க. அதே கன்சோல்தான். ஆக, அது கேம் செய்றவங்க எடுக்குற முடிவு.

இதை நான் பெரியப்பாகிட்ட வாயால சொன்னேன். கேட்டுட்டு, "கோடு டிவில தானடா தெரியுது?"ன்னார். நியாயமான கேள்வி. அளந்து காட்டினாத்தான் ஆச்சு.

இதைத் தொழிலாப் பண்றவங்க ரிச்சர்ட் லெட்பெட்டர் ஆரம்பிச்ச டிஜிட்டல் ஃபவுண்ட்ரி ஆட்கள். கன்சோல்ல நம்ம சாஃப்ட்வேர் எதையும் ஓட்ட முடியாது இல்லையா, அதனால வெளியில இருந்து அளக்கணும். எச்டிஎம்ஐல வர்ற ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒரு கேப்சர் கார்டு வச்சுப் பிடிச்சுக்குவாங்க. செகண்டுக்கு 60 படம் கிடைக்கும். ஒவ்வொண்ணையும் முந்தினதோட ஒப்பிடணும். ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுன்னா, கன்சோல் புதுசா எதுவும் தரல, பழசையே திருப்பி அனுப்பியிருக்கு. 60ல 30 தான் புதுசுன்னா அது 30 எஃப்பிஎஸ். ஒரு படத்துல மேல ஒரு பகுதி முந்தினதோட ஒத்துப்போய், ஒரு வரிக்குக் கீழ மட்டும் மாறியிருந்தா கிழிசல். இவ்வளவுதான் அடிப்படை. கேட்க சுலபம். ஆனா திரையில எதுவுமே அசையாத காட்சியில புதுப் படமும் பழைய படம் மாதிரியேதான் இருக்கும், அங்க எண்ணிக்கை ஏமாத்தும். அதனாலதான் எப்பவும் கேமரா நகர்ற இடமாப் பாத்து அளப்பாங்க.

செட்டிகுளத்துல கேப்சர் கார்டுக்கு எங்க போறது? என் ஃபோன்ல 240 எஃப்பிஎஸ் ஸ்லோமோ இருந்துச்சு. அது போதும்.

இதை நீங்களும் பண்ணலாம், அதனால நிதானமாச் சொல்றேன். முதல்ல டிவில கேம் மோடு போடுங்க. மோஷன் ஸ்மூத்திங் மாதிரி எது இருந்தாலும் அணைச்சுடுங்க. அது ரெண்டு படத்துக்கு நடுவுல தானே ஒரு படத்தைக் கற்பனை பண்ணிச் சொருகும், கணக்கு மொத்தமும் கெட்டுடும். ஃபோனைக் கையில பிடிக்காதீங்க. நாங்க ரெண்டு எவர்சில்வர் சம்படத்துக்கு நடுவுல சொருகி நிறுத்தினோம். கேம்ல தூண், கதவு மாதிரி செங்குத்தா ஏதாவது இருக்குற இடத்துல நின்னு, கேமராவை ஒரே வேகத்துல சுத்தணும். பத்து செகண்ட் எடுத்தா போதும்.

இப்ப வீடியோவை ஒவ்வொரு ஃப்ரேமா நகர்த்திப் பாருங்க. டிவி 60, ஃபோன் 240. அப்ப டிவியோட ஒரு சுற்றுக்கு ஃபோன்ல நாலு படம். திரையில ஒரு இடத்தை மட்டும் குறிச்சுக்கோங்க, நடுவுல ஒரு தூண்னு வைங்க. அது நாலு படத்துக்கு ஒரு தடவை நகர்ந்தா 60 எஃப்பிஎஸ். எட்டு படத்துக்கு ஒரு தடவைன்னா 30. நாலு, எட்டு, நாலு, பன்னிரண்டுன்னு கன்னாபின்னான்னு வந்தா, அதுதான் நீங்க "லேக் அடிக்குது"ன்னு சொல்றது.

முதல்ல கன்சோலோட மெனுவை அளந்தோம். நாலு, நாலு, நாலு. சுத்தம். அப்புறம் கேம்ல ஒரு காலியான வராண்டா. எட்டு, எட்டு, எட்டு. 30 எஃப்பிஎஸ், கிழிசலே இல்ல. அப்புறம் தம்பியை வெடிகுண்டு வெடிக்கிற இடத்துக்குப் போகச் சொன்னேன். எட்டு, எட்டு, பன்னிரண்டு, எட்டு. கோடும் வந்துடுச்சு. திரையோட மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழ.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இந்தக் கோடு விழுற இடம்தான். யோசிச்சுப் பாருங்க. கேம் 33.3 மில்லி செகண்டுக்குள்ள ஒரு ஃப்ரேமை முடிக்கணும். 35 ஆயிடுச்சு. 1.7 மில்லி செகண்ட் லேட். டிவி முழுத் திரையை வரைய 16.7 எடுத்துக்கும். அப்ப 1.7ல அது எவ்வளவு வரைஞ்சிருக்கும்? பத்துல ஒரு பங்கு. அதனால கோடு மேல இருந்து பத்துல ஒரு பங்குல விழுது. 8 மில்லி செகண்ட் லேட்டானா கோடு திரையோட நடுவுல. ஆக, கன்சோல் எவ்வளவு நேரம் பிந்துச்சுன்னு ஒரு ஸ்கேல் வச்சே அளந்துடலாம். தோராயமாத்தான், ஆனா போதும்.

பெரியப்பாவைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். "பாருங்க பெரியப்பா. வராண்டாவுல கோடு இல்ல. குண்டு ஒண்ணு வெடிச்சா கோடு மேல. மூணு சேர்ந்து வெடிச்சா கோடு கீழ இறங்குது. இப்ப பாஸ் பண்றேன், கோடே இல்ல. டிவி கெட்டுப் போயிருந்தா கோடு ஒரே இடத்துல நிக்கும், சீரியல் பாக்கும்போதும் வரும். கேமுக்குள்ள குண்டு வெடிக்கிறது டிவிக்கு எப்படித் தெரியும்?"

கொஞ்ச நேரம் பேசல. "திரும்ப ஒருதடவை குண்டு போடச் சொல்லு"ன்னார்.

இங்க ஒரு விஷயம் சொல்லிடறேன். "60 எஃப்பிஎஸ் வருது"ன்னு ரிவ்யூல சொல்றாங்களே, பாதி நேரம் அது சராசரி. ஒரு செகண்டுல 54 ஃப்ரேம் ஒழுங்கா 16.7ல வந்து, ஒரே ஒரு ஃப்ரேம் 100 மில்லி செகண்ட் எடுத்தா மொத்தம் 55 ஃப்ரேம். கவுண்ட்டர் 55ன்னு காட்டும். 55 நல்ல நம்பர் தானே? ஆனா அந்த ஒரு ஃப்ரேம்ல படம் ஆறு சுற்று உறைஞ்சு நின்னுச்சு. நீங்க குதிச்ச நேரம் அதுவா இருந்தா பள்ளத்துல விழுந்தாச்சு. 2011ல ஸ்காட் வாசன்னு ஒரு பத்திரிகையாளர் இதை பிசி கிராஃபிக்ஸ் கார்டுகளை வச்சுப் புட்டுப் புட்டு எழுதினார். செகண்டுக்கு எத்தனைன்னு எண்ணாதீங்க, ஒவ்வொரு ஃப்ரேமும் எவ்வளவு நேரம் எடுத்துச்சுன்னு பாருங்கன்னார். அதுக்கப்புறம்தான் ஃப்ரேம் டைம் கிராஃப் எல்லாம் பரவலாச்சு. ரிவ்யூ வீடியோல நேரா ஒரு கோடு போயிட்டு நடுவுல ஊசி மாதிரி எகிறும் பாருங்க, அதைப் பாருங்க. மேல இருக்குற பெரிய நம்பரை விடுங்க.

சரி, அன்னைக்கு ராத்திரி பஞ்சாயத்து முடிஞ்சுதுன்னு பாத்தா, தம்பி பரண்ல இருந்து ஒரு பெட்டியை இறக்கிட்டான். எங்க பழைய டிவி கேம். லிட்டில் மாஸ்டர் அது இதுன்னு பல பேர்ல வித்துச்சே, நின்டெண்டோவோட நகல், அந்த ஜாதி. எங்களுதுல பேரே இல்ல. மஞ்சள் பின்னை மாட்டினா, ஆச்சரியம், வேலை செய்யுது. மாரியோ வந்துடுச்சு.

இங்க எனக்கு ஒரு சொந்தக் குறை உண்டு. சின்ன வயசுல எங்க தெருவுலேயே மாரியோல நான்தான் கில்லி. சென்னைக்கு வந்து ஸ்விட்ச்ல அதே மாரியோவை ஆடினப்ப முதல் ஸ்டேஜ்லேயே செத்தேன். திரும்பத் திரும்ப. வயசாயிடுச்சு, கை மெதுவாயிடுச்சுன்னு நானே நம்பிட்டேன்.

அன்னைக்கு அளந்தோம். மாரியோல மேல ஓடுற டைம் இருக்கே, அது நிஜ செகண்ட் கிடையாது. 24 ஃப்ரேமுக்கு ஒண்ணு குறையும். அப்ப செகண்டுக்கு 60 ஃப்ரேம் ஓடுற மெஷின்ல 400ல இருந்து 300க்கு வர 40 செகண்ட் ஆகணும். நான் ஃபோன்ல ஸ்டாப் வாட்ச் போட்டேன், தம்பி மாரியோவை சும்மா நிக்க வச்சான். 48 செகண்ட். ரெண்டாவது தடவையும் 48. நூறுக்கு 2,400 ஃப்ரேம், 48 செகண்ட்ல. வகுத்தா 50.

ஏன் 50? நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதையொட்டி வந்த டிவி முறையும் 50. 1982ல ஏசியன் கேம்ஸுக்காக தூர்தர்ஷன் கலருக்கு மாறினப்ப எடுத்துக்கிட்டது பால் முறை, செகண்டுக்கு 50 தடவை திரை புதுப்பிக்கும். ஜப்பான், அமெரிக்கா டிவி எல்லாம் 60. அந்தக் காலத்து கேம்கள் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு அடின்னு கணக்கு வச்சு எழுதினது. ஃப்ரேம் குறைஞ்சா மாரியோவும் மெதுவா ஓடுவார், பாட்டும் இழுத்துப் பாடும். ஆறுல அஞ்சு பங்கு வேகம். நான் பத்து வருஷம் கையில பழகினது அந்த வேகம். என் கை மெதுவாகல மக்களே, கேம்தான் வேகமாயிடுச்சு.

இன்னொரு விஷயம், அந்தப் பெட்டியில கிழிசல் வரவே வராது. அதுல முழுப் படத்தை வரைஞ்சு வச்சுக்குற இடமே கிடையாது. டிவி வரி வரியா வரைய வரைய, அதே வேகத்துல கூடவே வரையும். அதிகம் பேர் ஒரே வரியில வந்துட்டா சில உருவம் மினுக்கும், இல்லைன்னா கேமே தவழும்.

இந்த 50 ஹெர்ட்ஸ் பேய் இன்னும் சாகல. 2018ல சோனி ப்ளேஸ்டேஷன் கிளாசிக்னு 20 கேமோட ஒரு குட்டிப் பெட்டி விட்டாங்க. அதுல ஒன்பது கேம் 50 ஹெர்ட்ஸ் பதிப்பு. டெக்கன் 3 கூட. அமெரிக்காவுல வித்ததுலயும் அதே கதை. ஆடினவங்க ஏதோ மந்தமா இருக்குன்னு சொன்னாங்க, அளந்தவங்க காரணத்தைக் காட்டினாங்க.

சரி, டிவி வாங்கப் போறவங்களுக்கு. கிழிசலுக்கு இப்ப உருப்படியான மருந்து விஆர்ஆர். பிடிவாதக்கார டிவியை, "கன்சோல் ரெடியானதும் நீ வரை"ன்னு பணிய வைக்கிறது. பஸ் ஆளுக்காகக் காத்திருக்கும். எக்ஸ்பாக்ஸ்ல 2018லேயே வந்துடுச்சு, பிஎஸ்5க்கு 2022 ஏப்ரல்ல வந்துச்சு. ஆனா பிஎஸ்5ல அது 48ல இருந்து 120 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். அதுக்குக் கீழ போனா பழைய கதைதான். 120 ஹெர்ட்ஸ் டிவி இருந்தா இன்னொரு லாபம், 40 எஃப்பிஎஸ். 2021ல ராட்செட் அண்ட் கிளாங்க் கேம்ல இதைக் கொண்டு வந்தாங்க. 120ஐ மூணால வகுத்தா 40, மிச்சமில்லாம உக்காரும். ஒரு ஃப்ரேமுக்கு 25 மில்லி செகண்ட். 33.3க்கும் 16.7க்கும் நட்ட நடு. 30ல ஆடிட்டு இதுக்கு வந்தா வித்தியாசம் கையில தெரியும். எனக்கு 60ஐ விட இதுதான் பல கேம்ல பிடிக்குது, படத்தோட தரமும் குறையல.

கடையில ஒரு எச்சரிக்கை. அட்டைப் பெட்டியில "மோஷன் ரேட் 120", "240" அப்படின்னு போட்டிருக்கும். அது பேனலோட வேகம் இல்ல, மார்க்கெட்டிங் கணக்கு. நேட்டிவ் ரிஃப்ரெஷ் ரேட் எவ்வளவுன்னு கேளுங்க. சேல்ஸ்மேன் முழிச்சா, மாடல் நம்பரை வாங்கி ஸ்பெக் ஷீட்ல நீங்களே பாத்துக்கோங்க. பெரியப்பா வாங்கினதுலயும் 120ன்னு போட்டிருந்துச்சு. அது 60 தான். அதை நான் அவர்கிட்ட சொல்லல, நீங்களும் சொல்லிடாதீங்க. [சிரிப்பு]

டிவி திருச்சிக்குப் போகல. கன்சோலும் தப்பிச்சுது, பப்ளிக் எக்ஸாம் முடியுற வரைக்கும் பெரியம்மா பீரோவுல பூட்டி வச்சிருக்காங்க. போன வாரம் பெரியப்பா ஃபோன் பண்ணார். "ஏம்ப்பா, கிரிக்கெட் பாக்கும்போது பந்து பின்னாடி வால் மாதிரி ஒண்ணு வருதே, அது டிவியா, கேமராவா?"

அது டிவிதான். மோஷன் ஸ்மூத்திங்கை யாரோ திரும்பப் போட்டிருக்காங்க. எங்க போய் அணைக்கணும்னு ஃபோன்லயே இருபது நிமிஷம் சொன்னேன். அடுத்த எபிசோட்ல பாப்போம்.